"சட்டையை மறந்துவிட்டேன், அனுப்பி வை": நோவ்கோரோத் மரப்பட்டைக் கடிதங்கள்

வெளியூரில் இருக்கும் போரிஸ், வீட்டிலிருக்கும் மனைவி நஸ்தாஸ்யாவுக்கு எழுதுகிறார்:

"போரிஸிடமிருந்து நஸ்தாஸ்யாவுக்கு. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் ஓர் ஆளைக் குதிரையில் ஏற்றி என்னிடம் அனுப்பு. எனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. ஒரு சட்டையும் கொடுத்தனுப்பு. சட்டையை மறந்துவிட்டேன்."

அவ்வளவுதான் கடிதம். எழுதப்பட்டு 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. போரிஸ் அரசர் இல்லை, படைத்தளபதி இல்லை, எந்த வரலாற்று ஏட்டிலும் அவர் பெயர் கிடையாது. ஆனாலும் அவர் மாற்றுச் சட்டை எடுக்காமல் ஊருக்குப் போனது நமக்குத் தெரிகிறது. காரணம், அவர் இதைக் காகிதத்தில் எழுதவில்லை. ஒரு மரப்பட்டையில் கீறினார். அந்தப் பட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

ரஷ்ய வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் பலர் ஜார் மன்னர்களில் தொடங்கிப் புரட்சியில் முடித்துவிடுகிறார்கள். அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பு, வடமேற்கு ரஷ்யாவில் நோவ்கோரோத் என்ற வணிக நகரத்தின் மக்கள் கடன் கேட்டும், சண்டை போட்டும், காதலித்தும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட துண்டுக் கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ரஷ்ய வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். அவை என்ன, எப்படித் தப்பின, எப்படிப் படிக்கப்பட்டன என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரெஸ்தா என்றால்

பிர்ச் மரத்தை ரஷ்யக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்ற தண்டு, அதில் கறுப்புக் கீற்றுகள். அந்த மரத்தின் பட்டைக்கு ரஷ்ய மொழியில் பெரெஸ்தா என்று பெயர். மெல்லிய அடுக்குகளாக உரிந்து வரும், தண்ணீர் புகாது, வளைத்தால் வளையும். கூடை, பெட்டி, மீன்பிடி வலைக்கு மிதவை என்று பலவற்றுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். எழுதவும்தான். எழுதிய பட்டையை 'கிராமதா' என்றார்கள். எழுத்து, ஆவணம், கடிதம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

பட்டையை உரித்து, கொதிநீரில் போட்டு இளக்கி, சொரசொரப்பான மேலடுக்குகளை நீக்கிவிட்டு, பெரும்பாலும் உள்பக்கத்தில் எழுதுவார்கள். எழுதும் கருவி இரும்பு, வெண்கலம் அல்லது எலும்பில் செய்த கூர்முனைக் குச்சி, 'பிசாலோ' என்பார்கள். நம் எழுத்தாணியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு வேறுபாடு உண்டு: நாம் ஓலையில் கீறியபின் எழுத்து தெரிவதற்காகக் கரி பூசினோம், அவர்கள் எதுவும் பூசவில்லை. மென்மையான பட்டையில் அழுத்தினாலே பள்ளம் நிற்கும். ஓரிரு கடிதங்களைத் தவிர மற்ற எதிலும் மை கிடையாது.

மை இல்லாததுதான் அவற்றைக் காப்பாற்றியது. மையால் எழுதியிருந்தால் ஈர மண் நூறு ஆண்டுகளுக்குள் அதைக் கழுவிவிட்டிருக்கும். கீறல் எங்கே போகும்?

பட்டையில் எழுதக் காரணம் எளிது. அந்தக் காலத்தில் அங்கே நூல்கள் எழுதப்பட்டது தோலில். பதப்படுத்திய கன்றுத்தோல் விலை அதிகம். கோயில் நூல்களுக்கும் முக்கியமான சாசனங்களுக்கும்தான் அது கட்டுப்படியாகும். சட்டை அனுப்பச் சொல்ல யார் தோல் வாங்குவார்கள்? பிர்ச் மரமோ ஊரைச் சுற்றிக் காடாக நிற்கிறது. படித்து முடித்ததும் கிழித்து வீதியில் எறிந்துவிடலாம், எறிந்தும் விட்டார்கள். கிடைத்தவற்றில் பெரும்பான்மை கிழிசல்களாக இருப்பது அதனால்தான். ஒரு சமூகம் காப்பாற்றி வைக்க விரும்பியதை நூலகங்களில் பார்க்கலாம். இவை அது தூக்கி எறிந்தவை. ஆகவே இவற்றில் பாசாங்கு இல்லை.

மண் காத்தது

நோவ்கோரோத் என்றால் 'புதிய ஊர்' என்று பொருள். பெயர்தான் அப்படி, ரஷ்யாவின் மிகப் பழைய நகரங்களில் அது ஒன்று. இல்மென் ஏரியிலிருந்து புறப்படும் வோல்கவ் ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் 1045இல் தொடங்கி 1050இல் கட்டி முடித்த சோஃபியா பேராலயம். மறு கரையில் சந்தை. அணில் தோல், மெழுகு போன்றவற்றை வாங்க ஜெர்மானிய வணிகர்கள் வந்து தங்கிய ஊர் அது. அரசியலும் வேறு மாதிரி. 'வேச்சே' என்ற நகர மன்றம் கூடி முடிவெடுக்கும், இளவரசரை வெளியிலிருந்து அழைத்து அமர்த்துவார்கள், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். 1136இல் இளவரசர் வ்செவோலதை அப்படித்தான் வெளியேற்றினார்கள். 1238இல் மங்கோலியப் படை இந்த நகரை நோக்கி வந்து பாதி வழியில் திரும்பிவிட்டது. மற்ற ரஷ்ய நகரங்கள் எரிந்தபோது நோவ்கோரோத் எரியவில்லை.

அங்குள்ள மண் களிமண் கலந்தது, எப்போதும் ஈரம் ததும்புவது. காற்று உள்ளே போகாது. காற்று இல்லாத இடத்தில் மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் பிழைக்காது. அதனால் மரம், தோல், பட்டை எல்லாம் நேற்று விழுந்தவை போலக் கிடக்கின்றன. சேறு தாங்காமல் அந்த ஊர் மக்கள் தெருக்களை மரத்தால் பாவினார்கள். சில ஆண்டுகளில் சேறும் குப்பையும் ஏறி மரத்தளம் புதைய, அதன்மேல் இன்னொரு தளம் போட்டார்கள். பெரிய தெரு என்று பெயர்கொண்ட ஒரு தெருவில் 953க்கும் 1462க்கும் இடையே இப்படி 28 தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததை அகழாய்வு காட்டியது.

இந்த 28 தளங்கள் ஒரு நாட்காட்டி. மரத்தின் உள்வளையங்கள் நல்ல மழை ஆண்டில் அகலமாகவும் கெட்ட ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். அந்த வரிசையை வைத்து மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று கணக்கிடலாம். நோவ்கோரோதில் தொல்லியலாளர் பரீஸ் கோல்ச்சின் இந்த முறையை வளர்த்தார். ஒரு கடிதம் எந்த இரண்டு தளங்களுக்கு நடுவே கிடந்தது என்று பார்த்தால் அது எறியப்பட்ட காலம் பத்து இருபது ஆண்டு வித்தியாசத்துக்குள் தெரிந்துவிடும். கடிதம் எழுதியவர் தேதி போடும் வழக்கமே இல்லாத ஓர் ஊரில் இப்படி ஒரு துல்லியம் கிடைப்பது தொல்லியலில் அபூர்வம்.

நூறு ரூபிள் பரிசு

பட்டையில் எழுதும் வழக்கம் இருந்தது என்பது முன்பே தெரிந்ததுதான். ரதோனேஜின் புனிதர் செர்கீயின் மடம் தொடக்கத்தில் வறுமையில் இருந்ததால் நூல்களைக் கூடத் தோலில் எழுதாமல் பட்டையில் எழுதினார்கள் என்று ஒரு பழைய துறவி குறித்து வைத்திருக்கிறார். ஆனால் எல்லோரும் மையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணில் அது அழிந்திருக்கும், தேடுவது வீண் என்பது பொதுவான எண்ணம். அகழாய்வில் கூர்முனைக் குச்சிகள் கிடைத்தபோதும் ஆணி, ஊசி, இன்னதென்று தெரியாத பொருள் என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். எழுதுகோல் கையில் இருந்தும் அது எழுதுகோல் என்று தெரியாமல் போனது.

இரண்டாம் உலகப் போர் நோவ்கோரோதைத் தரைமட்டமாக்கியது. 1944 ஜனவரியில் நகர் மீட்கப்பட்டபோது சுமார் 2,300 குடியிருப்புக் கட்டடங்களில் 40தான் எஞ்சியிருந்தன. நகரைத் திரும்பக் கட்டுவதற்கு முன், தொல்லியலாளர் அர்த்தெமி அர்த்சிகோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு நகரின் நெரெவ்ஸ்கி பகுதியில் தோண்டத் தொடங்கியது. 1951 ஜூலை 26 அன்று நீனா அகூலவா என்ற உள்ளூர்ப் பெண் தொழிலாளி மரத்தளத்தின் இடுக்கில் சுருண்டு கிடந்த ஒரு பட்டையை எடுத்தார். அதுபோன்ற சுருள்கள் மண்ணில் எத்தனையோ கிடைக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அகூலவா பார்த்தார். அழுக்கைத் துடைத்தபோது கீறல்கள் எழுத்தாகத் தெரிந்தன.

அர்த்சிகோவ்ஸ்கிக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். பிறகு, இதற்காக 20 ஆண்டுகள் காத்திருந்தேன், நூறு ரூபிள் பரிசு என்று கத்தினாராம். அப்போது இளைஞராக உடனிருந்து, பின்னாளில் அதே அகழாய்வுக்குத் தலைமை ஏற்ற வலெந்தீன் யானின் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். படிப்பும் பதவியும் உள்ள பலர் தவறவிட்டதைக் கவனித்தது ஒரு தினக்கூலிப் பெண்ணின் கண். அந்தப் பெயரை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் அதுதான். நோவ்கோரோதில் இன்றும் ஜூலை 26 மரப்பட்டைக் கடித நாள்.

முதல் கடிதம் சில கிராமங்களிலிருந்து வரவேண்டிய வரிகளின் பட்டியல், சுவாரசியம் குறைவு. ஆனால் அந்த ஒரு பருவத்திலேயே 10 கடிதங்கள் கிடைத்தன. 1962 வரை நெரெவ்ஸ்கியில் தோண்டியபோது ஏறத்தாழ 400. இன்று நோவ்கோரோதில் மட்டும் 1,100க்கும் மேல். ஸ்தாராயா ரூசா, தர்ஜோக், ஸ்மொலென்ஸ்க், பஸ்கோவ், மாஸ்கோ ஆகிய ஊர்களிலும், இன்றைய உக்ரைன், பெலாரூஸ் எல்லைக்குள்ளும் சில கிடைத்திருக்கின்றன. எல்லாம் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

என்னதான் எழுதினார்கள்?

அதிகமும் பணம். இன்னாரிடம் இத்தனை கிரிவ்னா, இன்னாரிடம் இத்தனை குனா வரவேண்டும் என்ற கடன் பட்டியல்கள். குனா என்பது கீரி போன்ற ஒரு விலங்கின் பெயர். தோலே பணமாக இருந்த காலத்தின் மிச்சம். இவற்றை வரலாற்றாசிரியர்கள் ஆசையோடு படிப்பார்கள். நமக்கு அவ்வளவு ஒட்டாது.

ஒட்டுபவை வேறு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூர்கி என்ற மகன் பெற்றோருக்கு எழுதுகிறான்: வீட்டை விற்றுவிட்டு ஸ்மொலென்ஸ்குக்கோ கீவுக்கோ வந்துவிடுங்கள், இங்கே தானியம் மலிவு, வரவில்லையென்றால், நலமாக இருக்கிறீர்களா என்று ஒரு சின்னக் கடிதமாவது அனுப்புங்கள். ஊரில் பஞ்சம் என்று மகனுக்குச் செய்தி போயிருக்க வேண்டும். தெற்கே இருந்துகொண்டு எழுதிய இந்தப் பட்டை நோவ்கோரோத் மண்ணில் கிடைத்தது. பெறுபவர்தான் கடிதத்தை எறிவார். ஆகவே அது பெற்றோர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அகழாய்வாளர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்: கிடைத்த இடம் வாங்கியவரின் வீடு.

13ஆம் நூற்றாண்டில் மிகீத்தா என்பவன் ஒரு பெண்ணுக்கு எழுதியது திருமணப் பேச்சு: "என்னைக் கட்டிக்கொள். எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும். இதற்கு இக்னாத் சாட்சி." காதலும் ஒப்பந்தமும் மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டன.

14ஆம் நூற்றாண்டு விவசாயிகள் ஒன்றுசேர்ந்து நில உடைமையாளர்களிடம் தங்கள் மேலாள்மீது முறையிடுகிறார்கள்: எங்களுக்காக நிற்காமல் எங்களையே விற்கிறான், அவனால் நாங்கள் கொள்ளை போனோம். அதற்கும் 250 ஆண்டுகள் முன்பு ஜிஸ்னமீர் என்பவர் மிகூலாவுக்கு எழுதுகிறார்: நீ பஸ்கோவில் ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினாய், அதற்காக இளவரசி என்னைப் பிடித்து வைத்துவிட்டாள்! வாங்கப்பட்டவள் யாரோ ஒருவரிடமிருந்து திருடப்பட்ட அடிமை. அவள் நேர்மையாக வாங்கப்பட்டவள் என்று ஜிஸ்னமீர் நிரூபிக்க, விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். அக்காலச் சட்டத் தொகுப்பில் இந்த நடைமுறை விதியாக இருக்கிறது. அந்த விதி ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் செய்ததைப் பட்டையில்தான் பார்க்கிறோம்.

பெண்கள் எழுதியவை நிறைய. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் ஆன்னா தன் சகோதரன் கிளிம்யாத்தாவுக்கு எழுதுகிறாள். கோஸ்னியாத்தின் என்பவன் பலர் முன்னால் அவளையும் அவள் மகளையும் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று ஏசியிருக்கிறான். அதைக் கேட்ட கணவன் ஃபியோதர் அவளை வீட்டை விட்டுத் துரத்திக் கொல்லவும் பார்த்திருக்கிறான். அண்ணா, எனக்காக வழக்காடு, நான் சொல்வது பொய் என்று சாட்சிகள் சொன்னால் நான் உன் தங்கையும் இல்லை, கணவனுக்கு மனைவியும் இல்லை என்று சவால் விடுகிறாள். அவமானத்தில் குறுகி அழுகிற குரல் அல்ல அது. சாட்சியைக் கூப்பிடு என்கிற குரல்.

இன்னொன்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டு 1993இல் கிடைத்தது. எழுதியவள் பெயர் தெரியவில்லை. மூன்று முறை உனக்கு ஆளனுப்பினேன், இந்த வாரம் முழுக்க நீ வரவில்லையே, என்மேல் உனக்கு என்ன கோபம், நான் உன்னை உடன்பிறந்தவனைப் போலத்தானே நடத்தினேன் என்று கேட்கிறாள். உனக்கு விருப்பம் இருந்திருந்தால் ஊர்க் கண்ணைத் தப்பித்து ஓடி வந்திருப்பாய் என்கிறாள். அறியாமல் உன்னைப் புண்படுத்தியிருந்தாலும், அதற்காக நீ என்னைக் கேலி செய்தால் கடவுள் தீர்ப்பளிப்பார் என்று முடிக்கிறாள். சொற்களை மிகுந்த கவனத்தோடு கோத்திருக்கிறாள். வாங்கியவன் அந்தப் பட்டையைக் கிழித்து, கீற்றுகளை முடிச்சுப் போட்டு எறிந்திருக்கிறான். அகழாய்வாளர்கள் எடுத்தபோது முடிச்சு அவிழாமல் இருந்தது.

விடுகதை கூட உண்டு. வானுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நகரம். பாதையில்லாமல் அங்கே ஒரு தூதன் போகிறான். அவன் ஊமை, கொண்டு போவது எழுதாத கடிதம். விடை: நோவாவின் பேழை, புறா, ஒலிவ இலை. கரேலிய மொழியில் ஒரு மந்திரமும் கிடைத்தது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஃபின்னிய, எஸ்தோனிய மொழிகள் அடங்கிய குடும்பத்தில் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய தொடர் அதுதான். ரஷ்ய வசைச் சொற்கள் மங்கோலியர்கள் கொண்டு வந்தவை என்று ரஷ்யர்களே பரவலாக நம்பியதுண்டு. மங்கோலியர் வருவதற்கு நூறு ஆண்டுகள் முந்தைய பட்டைகளில் அதே சொற்கள் பளிச்சென்று இருக்கின்றன.

ஒன்ஃபீம்

13ஆம் நூற்றாண்டின் நடுவில் நோவ்கோரோதில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். பெயர் ஒன்ஃபீம். அவனுடைய பயிற்சிப் பட்டைகள் 1956 ஜூலையில் ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தன, பத்துக்கும் மேல்.

முதலில் எடுத்தது ஒரு பட்டைக் கூடையின் அடிப்பாகம். கூடை வீணானதும் அவனுக்குச் சிலேட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். மேல்பட்டியில் அகரவரிசை முழுவதும் எழுதியிருக்கிறான். அடுத்து உயிர்மெய் போல ப, வ, க, த என்று ஒவ்வோர் எழுத்தையும் உயிரோடு சேர்த்து எழுதிப் போகிறான். அப்படியே திருப்பினால் பாடம் முடிந்துவிட்டது: நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் வாயிலிருந்து ஏதோ பீறிடுவதுமாக ஒரு மிருகம். பக்கத்தில் "நான் ஒரு மிருகம்" என்று எழுத்து. கட்டம் போட்டு அதற்குள் "ஒன்ஃபீமிடமிருந்து தனீலாவுக்கு வணக்கம்." தனீலா பக்கத்தில் உட்கார்ந்து படித்த கூட்டாளியாக இருக்கலாம்.

இன்னொரு பட்டையில் அகரவரிசையைத் தொடங்கி, பதினோராம் எழுத்துப் பக்கம் வந்ததும் சலித்துவிட்டது. மீதி இடத்தில் குதிரை வீரன் ஒருவன் கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான். அருகே "ஒன்ஃபீம்". அந்த வீரன் தான்தான்! ஆட்களின் கைகள் மண்வாரி போல இருக்கும். ஒரு கையில் மூன்று விரல், இன்னொன்றில் வேறு எண்ணிக்கை. எண்ணிப் பார்க்க அவனுக்கு அவசரம் போல. "ஆண்டவரே, உம் அடியான் ஒன்ஃபீமுக்கு உதவும்" என்று ஒரு வேண்டுதல். பெரியவர்கள் எழுதும் கடன் வசூல் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்து எழுதியதும் உண்டு. பிறகு வாழ்க்கையில் அவனுக்கு எது தேவைப்படும் என்று கற்பித்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்ஃபீமின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இடைக்காலக் குழந்தைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு குழந்தை தன் கையால் "இது நான்" என்று காட்டும் படங்கள் இவ்வளவு பழையவை மிகக் குறைவு.

வேறொரு மாணவனின் குறும்பு 14ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. இரண்டு வரிகள், முதல் பார்வைக்கு வெறும் எழுத்துக் குப்பை. மேல்வரியில் ஓர் எழுத்து, கீழ்வரியில் ஓர் எழுத்து என்று மாற்றி மாற்றிப் படித்தால், "அறிவிலி எழுதினான், சிந்திக்காதவன் காட்டினான், இதைப் படிக்கிறவன்..." என்று வருகிறது. அதற்குமேல் பட்டை உடைந்துவிட்டது.

பிழையா, முறையா?

இந்தக் கடிதங்கள் கிடைத்த பிறகும் 30 ஆண்டுகள் ஒரு சங்கடம் இருந்தது. எழுத்துக் கூட்டல் தாறுமாறாக இருப்பதாகத் தோன்றியது. எழுதியவர்கள் அரைகுறைப் படிப்பாளிகள், பிழை மலிந்தவை என்று அறிஞர்கள் ஒதுக்கினார்கள். புரியாத சொல்லைப் 'பிழை' என்று திருத்தி வேறு சொல்லாகப் படிக்கும் வழக்கமும் இருந்தது.

1980களில் மொழியியலாளர் அந்த்ரேய் ஸலிஸ்னியாக் இவற்றைக் கையில் எடுத்தார். எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல, அவர்கள் ஒரு முறையைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம் என்பது அவர் அணுகுமுறை. அப்படிப் பார்த்தபோது பிழைகள் வரிசைக்கு வந்தன. நூலெழுத்தில் தனித்தனியாக இருந்த சில உயிரெழுத்துகளை அன்றாட எழுத்தில் ஒன்றுக்கு மற்றொன்றாகப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அதே இணைகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள். புள்ளி இடாத நம் ஓலைச்சுவடியைப் படிப்பவர் மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்து முடிவு செய்வதைப் போல, அங்கே படித்தவர்களும் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 247ஆம் எண் கடிதம், 11ஆம் நூற்றாண்டு. அதில் 'கேலெ' என்ற சொல் பூட்டுக்கும் கதவுக்கும் பக்கத்தில் வருகிறது. முதலில் படித்தவர்கள் அதைத் துறவியின் அறையைக் குறிக்கும் சொல் என்று எண்ணி 'அறையின் பூட்டு, அறையின் கதவுகள்' என்று பொருள் கொண்டார்கள். வாக்கியம் எங்கும் போய்ச் சேரவில்லை. ஸலிஸ்னியாக் 'கேலெ' என்றால் 'முழுதாக' என்றார். இன்றைய ரஷ்ய மொழியில் அந்தச் சொல் த்ஸ ஒலியில் தொடங்குகிறது. க ஒலி குறிப்பிட்ட சில உயிர்களுக்கு முன் த்ஸ ஆனது ரஷ்ய மொழி அடங்கிய ஸ்லாவிய மொழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான மாற்றம் என்று அதுவரை பாடநூல்கள் சொல்லி வந்தன. நோவ்கோரோதில் மட்டும் அது நிகழவில்லை, க அப்படியே நின்றது என்றார் அவர். உடனே கடிதம் பேசத் தொடங்கியது: "பூட்டு முழுதாக இருக்கிறது, கதவுகளும் முழுதாக இருக்கின்றன, வீட்டுக்காரர் வழக்குத் தொடரவில்லை." திருட்டே நடக்கவில்லை, யாரோ பொய்க் குற்றம் சுமத்தியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லைச் சரியாகப் படித்ததில் ஒரு வட்டார மொழியே வெளிவந்தது. கீவ் பகுதிப் பேச்சிலிருந்து பல வகையில் வேறுபட்ட பழைய நோவ்கோரோத் பேச்சு அது. ஒரே மொழி பிற்காலத்தில் கிளைகளாகப் பிரிந்தது என்ற பழைய படம் போதாது, வெவ்வேறு பேச்சுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து இன்றைய ரஷ்ய மொழி உருவானது என்று ஸலிஸ்னியாக் வாதிட்டார். கோயில் நூல்கள் வழிபாட்டுக்கென்று இருந்த தனி நூல்மொழியில் இருந்தன. தெருவில் பேசிய மொழியை எழுதி வைத்தது பட்டை மட்டும்தான். 2017இல் இறக்கும்வரை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில், அந்தக் கோடையில் கிடைத்த கடிதங்களைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றுவார். இலக்கணப் பேச்சுக்குக் கூட்டம் அரங்கை நிரப்பி வழியும்.

எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பிறர் சொல்ல எழுதியவை உண்டு. தூதுவன் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டியவையும் உண்டு. ஆனால் இடைக்கால ரஷ்யாவில் குருமாரையும் இளவரசரையும் தவிர மற்றவர்களுக்கு எழுத்து அந்நியம் என்ற பழைய கருத்து 1951க்குப் பிறகு நிற்கவில்லை.

பட்டை நின்ற இடம்

1478இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நோவ்கோரோதைக் கைப்பற்றி, நகர மன்றத்தைக் கூட்டும் மணியை இறக்கி மாஸ்கோவுக்கு எடுத்துப் போனார். ஏறத்தாழ அதே காலத்தில் பட்டைக் கடிதங்களும் நின்றுபோகின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்வது எளிது. உண்மையான காரணம் காகிதம். அது மலிவானதும் பட்டையை விட்டுவிட்டார்கள். காகிதமும் மையும் அந்த ஈர மண்ணில் தங்காது. தவிர, 18ஆம் நூற்றாண்டில் நகருக்கு வடிகால் போட்டபோது மேல் அடுக்குகள் காய்ந்துவிட்டன. அங்கே பட்டை இருந்திருந்தாலும் மட்கியிருக்கும். ஆகவே முன்னேற்றம் வந்த பிறகான மக்களைவிட அதற்கு முந்தையவர்களின் வீட்டுப் பேச்சே நமக்கு அதிகம் கேட்கிறது.

கடிதத்தின் தொடக்க வரியிலேயே காலம் நகர்வது தெரியும். முதல் நூற்றாண்டுகளில் "இன்னாரிடமிருந்து இன்னாருக்கு" என்று நேராகத் தொடங்குவார்கள். பிறகு "இன்னாரிடமிருந்து வணக்கம்" வருகிறது. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் குனிந்து வணங்குதல். 14ஆம் நூற்றாண்டிலிருந்து நெற்றி தரையில் பட விழுவதைக் குறிக்கும் சொல் வந்துவிடுகிறது. மூன்று தொடக்கங்களில் முதுகு மெல்ல மெல்ல வளைகிறது.

சட்டையை மறந்த போரிஸின் பட்டை கிடைத்த அதே அகழாய்வில் இன்னொரு கடிதமும் கிடைத்தது. சட்டைக் கடிதத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தியது. இரண்டு பெயர்களும் ஒன்றாக இருப்பதால் இவர்கள் அதே தம்பதிதான் என்று எண்ணுவோர் உண்டு. கடிதத்தை எழுதியவள் நஸ்தாஸ்யா, எழுதியது தன் சகோதரர்களுக்கு:

"ஐயன்மார்களே, என் சகோதரர்களே, நஸ்தாஸ்யாவின் வணக்கம். என் போரிஸ் உயிரோடு இல்லை. என்னையும் என் பிள்ளைகளையும் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?"